அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் எமில் ஹுர்பானும் மூன்று ஏக்கர் நிலமும்

இயற்கைக்கு இழைக்கப்பட்ட எந்தக் கொடுமையும் தண்டிக்கப்படாமல் போகாது. நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கியவர் எத்தனை வலிமை படைத்தவராயினும் இந்தக் குடியரசின் நீண்ட கரம் அவரைத் தேடிப் பிடித்தே தீரும். வாஷிங்டனிலிருந்து வெளியான அரசு அறிக்கை இப்படித்தான் தொடங்கியது. அந்த நீண்ட கரம் தேடிப் பிடித்த வலிமை படைத்தவர், ஒஹாயோ மாநிலத்தில் கார்வர் க்ரீக் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற எமில் ஹுர்பான். வயது அறுபத்தெட்டு. அறிக்கை வெளியான நேரத்தில் அவர் சமையலறையில் மேஜைக்கு அடியில் படுத்து, ஆடுகிற காலுக்கு அட்டை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார்.

வழக்குக் காகிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவர் கஸ் பெட்ராக். சரிவின் கீழே குடியிருப்பவர், ஐம்பது வருடச் சிநேகிதர், ஊர்த் தீயணைப்புப் படையின் பழைய தொண்டர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பாதிரியார் மாதிரி ராகம் போட்டு வாசித்தார்.

"'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் எமில் ஹுர்பான் மற்றும் மூன்று ஏக்கர் நிலம்.' டேய், ஒரு நாடே உன் மேல கேஸ் போட்டிருக்குடா. நான் ஜெர்மனிக்காரன்கூட நேருக்கு நேர் சண்டை போட்டேன். அவன்கூட எனக்கு இவ்வளவு மரியாதை குடுக்கல."

"நிலத்து மேலயுமா கேஸ்?" என்றார் எமில், மேஜைக்கு அடியிலிருந்தே.

"உன்னோட சேத்து ரெண்டாவது குற்றவாளி. நீ சாட்சி சொல்லப் போறப்போ அதையும் ஒரு வாளியில எடுத்துட்டுப் போ. சரி, நீ ஜெயிச்சா என்ன கேப்ப? அலாஸ்காவைக் கேளு. அங்க மீன் நல்லாயிருக்கும்."

எமில் வெளியே வந்து எழுந்து நின்றார். நிற்க இடம் போதாத மனிதர் அவர். ஆறடி இரண்டங்குலம். இருபத்தாறு வருடம் பேருந்துக்குள் நிமிர்ந்து நின்றதே இல்லை. அதனால் வெட்டவெளியிலும் கூரை இருப்பதுபோல் லேசாகக் குனிந்தே நடப்பார். இப்போதும் குனிந்தபடியே பின்பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். திரை மூடியிருந்தது.

அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் இரண்டாவது குற்றவாளி இருந்தது.

கார்வர் க்ரீக்கில் பெருமைப்பட அதிகம் கிடையாது. போர்களில் ஊர்க்காரர்கள் செத்திருக்கிறார்கள், ஆனால் தளபதி யாரும் ஆனதில்லை. கால்பந்தில் பக்கத்து ஊர் வருடா வருடம் உதைக்கும். ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இருந்தது எமில் வீட்டுக்குப் பின்னாலிருந்த குளம் ஒன்றுதான். அதற்கு அடி கிடையாது. முந்தைய நூற்றாண்டில் ஐஸ் வெட்டப் போன ஒரு வண்டி, இரண்டு குதிரைகளோடும் வண்டிக்காரனோடும் உள்ளே போனது, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு பேராசிரியர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்தாராம், கயிறு தீர்ந்துபோனதாம். அந்தப் பேராசிரியர் பெயரோ கயிற்றின் நீளமோ யாருக்கும் தெரியாது. ஆனால் வெளியூர்க்காரன் வந்து சந்தேகப்பட்டால் முடிதிருத்தும் கடையில் அவனுக்குக் காது மடலோரம் கத்தி கொஞ்சம் பலமாகவே படும். எமில் இந்தக் கதையைத் தாய்ப்பாலோடு குடித்தவர். வீடு வாங்கும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடியில்லாத குளம் தன் பேரில் பத்திரமாகிறது என்றால் சும்மாவா.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒரு ஏப்ரல் மாதம், அவருடைய மகன் ரூடி, எட்டு வயது, பழைய கதவு ஒன்றைத் தெப்பமாக்கிக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போனான். கதவு புரண்டது. எமில் அப்போதுதான் பேருந்தை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கரையில் நின்று துணிக்கொடிக் கயிற்றை அறுத்து வீசினார். எட்டவில்லை. மறுபடி வீசினார். அவருக்கு நீச்சல் தெரியாது. அடியில்லாத தண்ணீரில் நீச்சல் தெரியாதவன் இறங்கினால் ஒன்றுக்கு இரண்டாகும் என்று தெரிந்ததால் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினார். கஸ்ஸும் இன்னும் மூன்று பேரும் படகோடு வந்தார்கள். கொக்கிக் கம்பைப் பிடித்து, பையனின் உடலை மேலே எடுத்தவர் கஸ்.

"அங்க தண்ணிக்குள்ள மேடா ஒரு திட்டு இருக்கு எமில்," என்று அன்றைக்கே கஸ் சொன்னார். "நல்லவேளை, பையன் அதுல தங்கிட்டான். அதைத் தாண்டியிருந்தா நமக்குக் கெடச்சிருக்கவே மாட்டான்."

ஊர் முழுக்க அந்தத் திட்டைப் பற்றிப் பேசியது. கடவுளின் கருணை என்று பாதிரியார் சொன்னார். எமிலின் மனைவி வில்மா பின் ஜன்னலுக்குக் கனமான திரை தைத்து மாட்டினாள்.

அடுத்த மாதம் எமில் ஒரு பலகையில் பெயின்ட் அடித்துச் சாலையோரம் நட்டார்: 'மண் கொட்டலாம். இலவசம். உள்ளே வரவும்.'

அந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். யாராவது வீடு கட்டத் தோண்டுவார்கள், அந்த மண்ணைக் கொட்ட இடம் தேடுவார்கள். யாராவது தாழ்ந்த நிலத்தை மேடாக்க நினைப்பார்கள். ஒரு பலகை வைத்தால் போதும், லாரி தானாக வரும். கேள்வி கேட்பது நாகரிகமில்லை. பரிசு கொண்டுவந்தவனின் பையைத் துழாவுவது மாதிரி. எமில் பலகைக்கு வந்தது மண், செங்கல் உடைசல், சாலையிலிருந்து பெயர்த்த தார்க்கட்டி. பிறகு நகரத்து முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் லாரிகள் வந்தன. பச்சையும் மஞ்சளுமான சேறு, அடைத்து மூடிய இரும்புப் பீப்பாய்கள். வாரத்துக்கு ஐந்தாறு நடை. எமில் வேலை முடிந்து வந்ததும் கரையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நடையும் இறங்குவதைப் பார்த்தார். மற்றவர்கள் அந்நேரம் பேஸ்பால் பார்ப்பார்கள்.

பதினொரு வருடம் ஆனது. அடியில்லாத குளம் நிரம்பப் பதினொரு வருடம் ஆவதில் ஆச்சரியம் இல்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. சிலர் பெருமையைத் தூர்த்துவிட்டானே என்று முனகினார்கள். எமில் மேலே புல் விதைத்தார். புல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்மா அந்தத் திரையை விலக்கிவிட்டு, ஜன்னலோரம் நின்று உருளைக்கிழங்கு தோல் சீவினாள். எமில் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். தன் வாழ்க்கையில் தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இது என்று அவருக்குத் தோன்றியது. அவள் இறந்தபோதும் திரை விலகியேதான் இருந்தது.

பிறகு சரிவின் கீழே இருந்த ஆறு வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் வெளிறிய மஞ்சளாக வந்தது. ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்தது. சோதித்தார்கள், தேடினார்கள், மேலே ஏறிவந்து எமில் வீட்டுப் புல்தரையில் நின்றார்கள். எமில் எதையும் மறுக்கவில்லை. ஆறு வீட்டுக் கதவையும் தட்டி மன்னிப்புக் கேட்டார். குழாய் வரும்வரை தன் வண்டியில் அவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் இறக்கினார். கஸ் வீடும் அந்த ஆறில் ஒன்று.

"பரவால்ல விடு," என்றார் கஸ். "முப்பது வருஷமா என் பொண்டாட்டி காபி ஏன் அப்படி இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சது. பாவம், அவளைத் திட்டிட்டேன்."

தோண்டுவதற்கு வந்த திட்ட அதிகாரியின் பெயர் ஈஸ்டர். உருண்டையாக, குட்டையாக, எப்போதும் உற்சாகமாக இருப்பவர். 'மண்ணைப் பத்திப் படிக்க ஏத்த உயரம், குனியவே வேணாம்' என்று கஸ் சொன்னார். எமிலையும், விவாகரத்தாகி வீடு திரும்பியிருந்த மகள் லோர்னாவையும் ஒரு விடுதியில் தங்க வைத்துவிட்டு வேலி அடித்தார்கள். வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட ஆட்கள் ஒன்பது மாதம் தோண்டினார்கள். நஞ்செல்லாம் மூடிய லாரிகளில் வேறு மாநிலத்துக்குப் போனது. அங்கே யார் பலகை வைத்திருந்தார்களோ தெரியாது.

வீடு திரும்பிய அன்று எமில் சாவியை மேஜைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். பின் ஜன்னலுக்குப் போனார்.

தண்ணீர் இருந்தது.

சட்டப்படி அது ஈரநிலம். ஈரநிலத்தைத் தூர்ப்பது குற்றம். தூர்த்ததை எடுத்தால் பழையபடி ஆக்கித் தர வேண்டும். அதனால் அரசாங்கம் பெரும் செலவு செய்து, பழைய வரைபடம் பார்த்து, கரையின் வளைவு நெளிவு மாறாமல் குளத்தை மீட்டெடுத்திருந்தது. நாணல் நட்டிருந்தது. அந்தச் செலவையும் எமில் பேரில்தான் எழுதியிருந்தது.

அவர் திரையை இழுத்து மூடினார். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வழக்கு வந்தது.

தொழிற்சாலை எப்போதோ திவாலாகிவிட்டது. அதன் முதலாளி ஃப்ளோரிடாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். அவர் பேரில் சொத்து ஒன்றும் இல்லை, எல்லாம் மனைவி பேரில். லாரிக்காரர்களில் உயிரோடு இருந்தவருக்குத் தன் பெயரே நினைவில்லை. குடியரசின் நீண்ட கரம் இப்படி ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்டால் இருக்கிற ஒரே ஆளாகிய எமிலிடம் வந்திருந்தது.

எமிலுக்கு வாய்த்த வக்கீல் கில்பின். விவாகரத்தும் உயிலும் பார்க்கிற இளைஞர். ஒரு நாட்டை எதிர்த்து வாதாடப்போகிறோம் என்ற பூரிப்பில் புதுக் கைப்பெட்டி வாங்கியிருந்தார்.

"மிஸ்டர் ஹுர்பான், சட்டத்துல ஒரு சின்னக் கதவு இருக்கு. ஏதும் அறியாத நிலக்காரர்னு பேரு. நீங்க ரெண்டே வாக்கியம் சொன்னாப் போதும். 'நான் பாக்கல. எனக்குத் தெரியாது.' எதைக் கேட்டாலும் இதுல ஒண்ணு."

"ரெண்டுமே பொய்யாச்சே தம்பி."

"பொய்யில்ல. சுருக்கம்."

"பதினொரு வருஷம் நாற்காலி போட்டு உக்காந்து பாத்தேன்."

"அந்த நாற்காலியைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களா சொல்லாதீங்க."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கேஸ் ஜெயிச்சா பள்ளத்தை மூடுவாங்களா?"

கில்பின் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கேஸ் பணத்தைப் பத்தி."

"அவங்களுக்குப் பணத்தைப் பத்தி," என்றார் எமில்.

வாக்குமூலம் எடுத்தது நகரத்தில், எட்டாவது மாடியில், ஒரு நீண்ட மேஜையில். வில்மாவின் இறுதிச் சடங்குக்கு வாங்கிய கோட்டை எமில் போட்டுக்கொண்டு போனார், கை குட்டையாகிவிட்டிருந்தது. அரசாங்கத்தின் பக்கம் நான்கு பேர். பேசியவர் பிரெண்டிஸ் என்ற பெண் வக்கீல். குரலை உயர்த்தாதவர். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தண்ணீர் குடித்தார், எமிலுக்கும் ஊற்றினார்.

"அந்தப் பலகையை நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"கொண்டுவந்து கொட்டுனதை நீங்க பாத்தீங்களா?"

கில்பின் தொண்டையைச் செருமினார். எமில் அவரைப் பார்த்தார், பிறகு எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தார்.

"நான் பாக்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "பாத்தேம்மா. ஒவ்வொண்ணையும்."

"எந்த லாரியையாவது திருப்பி அனுப்புனது உண்டா?"

"நாலஞ்சு உண்டு."

"எதுக்காக?"

"தண்ணியா இருந்துச்சு. தொட்டி லாரியில என்னமோ கொழகொழன்னு. நான் விடல. 'அதுல ஏற்கனவே தண்ணிதான் இருக்கு, கெட்டியா ஏதாவது இருந்தா கொண்டா'ன்னேன்."

"அப்போ உள்ள என்ன இருக்குன்னு பாத்துதான் முடிவு பண்ணுனீங்க."

"பின்ன? கண்டதையும் கொட்ட விடுவேனா?"

கில்பின் புதுக் கைப்பெட்டியை மூடினார். அதன் கொக்கி 'டக்' என்று கேட்டது.

"பீப்பாய்களை விட்டீங்க," என்றார் பிரெண்டிஸ்.

"பீப்பாய் கனம். சட்டுனு போயிரும். அடியில்லாத குளத்துக்கு லேசானதைப் போட்டு என்ன பிரயோஜனம்?"

"வாடை வரலையா?"

"கண்ணெல்லாம் எரியும்."

"அப்புறமும் விட்டீங்க. மிஸ்டர் ஹுர்பான், அந்தக் குளத்தை மூட உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?"

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் கில்பின், எதற்கு என்று தெரியாமல்.

"என் பையன் அதுல செத்தான்," என்றார் எமில்.

வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டிருந்த தட்டச்சுக்காரியின் விரல்கள் நின்றன. பிரெண்டிஸ் தண்ணீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். "ரொம்ப வருத்தப்படறேன்," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, அது அவர் வேலை என்பதால், "அந்த லாரிகளோட ஃபோட்டோ ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது கில்பின் ஐந்தாவது மாடியில், "ரெண்டே வாக்கியம்," என்றார். கீழே வந்ததும் எமிலுக்கு ஒரு சூடான சாண்ட்விச் வாங்கிக்கொடுத்தார். நல்ல பையன்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. எமிலின் வீடு, வண்டி, புல்வெட்டும் இயந்திரம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் அரசாங்கத்து ஆட்கள் கூட்டிப் பார்த்தார்கள். அத்தனையையும் விற்றாலும் நாணல் நட்ட செலவுக்குக்கூடக் காணாது என்று தெரிந்தது. ஒரு வல்லரசு ஒரு கிழவனைக் கூரையில்லாமல் தெருவில் விடுவது பத்திரிகையில் நன்றாக வராது. எனவே சமாதானம் பேசினார்கள். பேருக்கு ஒரு சிறு தொகை. வீடு எமிலுக்கே. ஒரே ஒரு நிபந்தனை: குளம் குளமாகவே இருக்க வேண்டும். எமிலோ அவருடைய வாரிசுகளோ என்றைக்கும் அதில் ஒரு பிடி மண்கூடப் போடக்கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால் வழக்கு நடக்கும், வீடு போகும்.

"மாட்டேன்," என்றார் எமில்.

"மிஸ்டர் ஹுர்பான், இது பரிசு விழுந்த மாதிரி," என்றார் கில்பின்.

"வீட்டை எடுத்துக்கட்டும். புல் வெட்டுற மெஷினையும் எடுத்துக்கட்டும். பள்ளத்தை மூடிட்டுப் போகட்டும். நல்ல மண்ணா போடட்டும், நான் கரையில உக்காந்து பாக்கக்கூட மாட்டேன்."

கில்பின் எழுதிக் கேட்டார். அரசாங்கம் பதில் எழுதியது. அந்தக் குளம் ஒரு வகைத் தவளைக்குத் தாயகமாக ஆகக்கூடும் என்றும், தேசத்தின் ஈரநிலங்கள் தேசத்தின் சிறுநீரகங்கள் என்றும் அதில் கண்டிருந்தது. கஸ் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் சிறுநீரகக் கோளாறுதான். எந்த வக்கீல் வந்தான்?" என்றார்.

அன்று மாலை லோர்னா சமையலறைக்கு வந்தாள். அடுப்பில், உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, ரூடி போனப்போ எனக்குப் பன்னெண்டு வயசு."

"தெரியும்மா."

"தெரியாது. அம்மா திரைக்குப் பின்னாடி இருந்தா. நீங்க நாற்காலியில இருந்தீங்க. நான் டிகிரி வாங்குன அன்னிக்கு மூணு லாரி வருதுன்னு நீங்க வரல. ஞாபகம் இருக்கா?"

எமில் மேஜைக் காலைப் பார்த்தார். அட்டை நகர்ந்திருந்தது.

"எனக்கு இப்போ போக வேற இடம் இல்ல. அந்தக் குழிக்கு ரூடியைக் குடுத்தாச்சு, அம்மாவைக் குடுத்தாச்சு, உங்களைக் குடுத்தாச்சு. வீட்டையும் குடுக்கணுமா? கொஞ்சம் எனக்கும் மிச்சம் வைங்களேன்."

பியரோகி வெந்த தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பித் தீயைக் குறைத்தாள். எமில் எழுந்து குனிந்து அட்டையைச் சரிசெய்தார். வெகுநேரம் கீழேயே இருந்தார். மறுநாள் காலை கில்பின் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டார்.

வாஷிங்டன் இரண்டாவது அறிக்கை வெளியிட்டது. முதல் அறிக்கையில் நீரை நஞ்சாக்கியவராக இருந்த எமில் இதில் 'இயற்கையைக் காக்கக் கரம் கோத்த குடிமகன்' ஆகியிருந்தார். மே மாதத்தில் மீட்டெடுக்கப்பட்ட ஈரநிலத்தின் திறப்பு விழா. குடிமகன் வர வேண்டும் என்று ஈஸ்டர் நேரில் வந்து அழைத்தார்.

கஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை. விழா அன்று காலையிலேயே வந்து வாசலில் நின்றார்.

"வேணாம்டா. வா, ஏரிப் பக்கம் போய் மீன் வறுவல் சாப்டுட்டு வரலாம். நான் வாங்கித் தரேன்."

"நீயா? நீ வாங்கித் தந்தா அதுக்கே ஒரு விழா எடுக்கணும்."

"சும்மா வாடா. அந்தத் தண்ணியைப் பாத்து உனக்கு என்ன ஆகப்போகுது?"

"லோர்னா கேட்டா. ஒரு தடவையாவது திரையில்லாமப் பாருங்கப்பான்னா. பாத்துட்டு வந்துடறேன்."

கஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப பின்னாடி நிப்போம். சீக்கிரம் கெளம்பிடலாம்," என்றார்.

நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், ஒலிபெருக்கி, குளத்தின் வடிவிலேயே செய்த ஒரு பெரிய கேக், மேலே நீலச் சர்க்கரைப் பூச்சு. அதிகாரிகள் விழா தொடங்குமுன்பே தின்றுவிட்டதால் எல்லோர் உதடுகளும் நீலமாக இருந்தன. எமில் தனக்குக் கேக் வேண்டாம் என்றார்.

மேயர் பேசினார். கார்வர் க்ரீக்கின் அடியில்லாத குளம் திரும்பி வந்துவிட்டது, தொலைந்துபோன அந்தக் குதிரைகளும் எங்கோ ஆழத்தில் மகிழ்ந்திருக்கும் என்றார். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அடுத்து ஈஸ்டர். தாங்கள் குளத்தை ஓர் அங்குலம்கூட மாற்றவில்லை, பத்தாயிரம் வருடமாக அங்கே இருக்கிற அசல் களிமண் தெரியும்வரைதான் தோண்டினோம், பனிப்பாறைக் காலம் எப்படி விட்டுப்போனதோ அப்படியே இருக்கிறது என்றார்.

"வா, போலாம்," என்றார் கஸ்.

"பேசிட்டிருக்காரு. பாதியில போனா நல்லாயிருக்காது."

விழாவின் முடிவில் காட்டு வாத்துகள் கூடு கட்டுவதற்கென்று ஒரு மரப்பெட்டியைக் கம்பத்தில் பொருத்திக் குளத்தின் நடுவில் நட வேண்டும். படகு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஈஸ்டர் மார்புவரை வரும் ரப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பத்தைத் தோளில் சாய்த்து, தண்ணீருக்குள் நடந்தார்.

முன் வரிசையில் ஒரு அம்மாள் வீலென்றாள். மேயர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்துவிட்டார். ஈஸ்டர் நடந்துகொண்டிருந்தார். முழங்கால். இடுப்பு. கதவு புரண்ட இடத்துக்கு வந்தார். அதையும் தாண்டினார். நட்ட நடுவில் நின்று திரும்பிக் கையை ஆட்டினார்.

"பயப்படாதீங்க! தரை நல்லா கெட்டியா இருக்கு! வழுக்கக்கூட இல்ல!"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள், மேயரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். ஈஸ்டர் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஒரு நடை நடந்து காட்டினார். லோர்னா அப்பாவின் கையைப் பிடித்தாள். கஸ் தன் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.

"கஸ்," என்றார் எமில்.

கஸ் நிமிரவில்லை.

"அந்தத் திட்டு."

"ஆமாடா," என்றார் கஸ். "எல்லாமே திட்டுதான்."

எமில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு முதல்முறையாக, குனியாமல் நின்றார்.

ஈஸ்டர் ஆழமான இடத்தில் கம்பத்தை ஊன்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் நெஞ்சுவரை இருந்தது. அவர் எமிலைவிட ஒரு தலை குள்ளம்.